தோட்டப்புறச் சிறுநகரில் மக்கள் தொடர்பு: செய்தியைப் படித்தவரை வாடிக்கையாளராக்கும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு நகரில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் கடைக்கு முன்னால் பதாகை கட்டுகிறார், துண்டறிக்கை அச்சடித்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) தாமானாகப் போடுகிறார். திறப்பு விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினரை அழைத்து ரிப்பன் வெட்டச் செய்து, அந்தப் படம் தமிழ் நாளிதழில் வந்ததும் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார். சில மாதங்கள் கழித்து, "பேப்பரில் வந்தது, ஆனால் யாரும் வந்து கேட்கவில்லையே" என்கிறார். படித்தவர்களுக்குத் தங்கள் வீட்டுத் தேவை எதுவும் அந்தச் செய்தியில் தென்பட்டிருக்காது. தென்பட்டிருந்தாலும் யாரை, எந்த எண்ணில் கேட்பது என்று அதில் இருந்திருக்காது. ரப்பர்த் தோட்டத்தில் பால் சொட்டுமுன் மங்கு (பால் சேரும் கோப்பை) நிமிர்ந்திருக்க வேண்டும். விளம்பரத்துக்கெனப் பெரிய தொகை ஒதுக்க முடியாத புதியவர்களுக்காக, அதே வரிசையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விசாரிப்புகளை ஏற்கும் ஏற்பாடு முதலில் வருகிறது, செய்தி அதற்குப் பிறகு வருகிறது.

விளம்பரத்தில் இடத்தை நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள், அதில் என்ன சொல்வது என்பதும் உங்கள் முடிவுதான். மக்கள் தொடர்பில் இடத்துக்கு விலை கிடையாது. செய்தியை வெளியிடலாமா என்பதை ஆசிரியரும், மண்டபத்தில் பேச விடலாமா என்பதைக் கோயில் நிர்வாகமும், புலன (வாட்ஸ்அப்) குழுவில் பகிரலாமா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரும் முடிவு செய்கிறார்கள். உங்களோடு பணத்தொடர்பு இல்லாத ஒருவர் "இது நம் மக்களுக்குப் பயன்படும்" என்று ஒப்புக்கொள்வதால்தான் கேட்பவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. மலேசிய மக்கள் தொடர்புக் கழகம் 1962-லேயே அமைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் இது கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்களுக்கு உரிய வேலை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசியே அவர்களை உறுப்பினர்களாக்கினார். அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தொகுதியும் சுங்கை சிப்புட்தான். எல்பில், டவன்பி, கமுனிங் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பின்னரும், தெரிந்தவர் ஒருவர் சொல்லாமல் புதிய ஆளை வீட்டுக்குள் விடாத வழக்கம் அப்படியே இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் வீட்டு வயரிங், குளிர்சாதனப் பராமரிப்பு ஆகிய வேலைகளைச் செய்கிறார் என்றும், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் என்றும், ஒரு வேனும் ஓர் உதவியாளரும் அவருக்கு உண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் சமையல் குத்தகையாகவோ தையலாகவோ இருந்தாலும் வேலை செய்யும் முறை மாறாது.

படி 1: யார் கேட்க வேண்டும், எத்தனை பேர் கேட்க வேண்டும்

விசாரிப்பு என்று இங்கே சொல்வது, தமக்கு என்ன வேண்டும், எங்கே வேண்டும், எப்போது வேண்டும் என்பதைத் தாமாகச் சொல்லித் தம்முடைய எண்ணையும் கொடுக்கிற ஒருவரின் அழைப்பை அல்லது குறுஞ்செய்தியை. முகநூலில் விருப்பக்குறி இடுபவரும் விழாவில் கைகுலுக்குபவரும் இதில் சேரமாட்டார்கள்.

வாரத்தில் எத்தனை வேலைகளை ஒழுங்காகச் செய்து முடிக்க முடியும் என்று முதலில் கணக்கிடுங்கள். நம் வயர்மேனால் வாரத்துக்கு ஆறு வீடுகள்தான் பார்க்க முடியுமென்றால், ஒரே நாளில் அறுபது பேர் அழைப்பது அவருக்கு நன்மை செய்யாது. ஐம்பத்து நான்கு பேர் காத்திருந்து சலித்துப்போய், "போன் எடுக்கவே மாட்டான்" என்று ஊரெங்கும் சொல்லிவைப்பார்கள். ஆகவே அவர் தம் வாடிக்கையாளரைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். வயரிங்கை மாற்றாமலே பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் பழைய தாமான் வீடுகள், தோட்டத்திலிருந்து வெளியேறிச் சொந்தமாக வீடு வாங்கிய குடும்பங்கள், பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு ஈப்போவிலோ சிலாங்கூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் ஆகியோர் அவருக்குப் போதும். கடைசியாகச் சொன்னவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீடு இங்கே இருந்தாலும் பணம் கொடுப்பவரும் முடிவெடுப்பவரும் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் நாளிதழை விடப் புலனத்தில்தான் அதிகமாக இருப்பார்கள்.

படி 2: விசாரிப்பை ஏற்கும் ஏற்பாடு

இந்தப் படியை முடிக்காமல் எந்த நிருபரையும் அழைக்க வேண்டாம்.

தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு எண் இல்லாத கடையைப் பற்றி எழுத நிருபர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வயர்மேன் என்றால் தகுதிச் சான்றையும், உணவுத் தொழில் என்றால் உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றையும் டைஃபாய்டு தடுப்பூசி அட்டையையும் படம் எடுத்துத் திறன்பேசியில் வைத்திருங்கள். "சான்று இருக்கிறதா?" என்று கேட்கப்பட்ட அடுத்த நிமிடத்தில் அனுப்ப முடிந்தால், கேட்டவரின் பாதி ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டு எண்ணையும் தொழில் எண்ணையும் பிரித்துவிடுங்கள். தொழில் எண்ணில் புலனத்தின் வணிகப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் வேலை நேரம், சேவை விவரம், விரைவுப் பதில்கள், வாடிக்கையாளரை வகைப்படுத்தும் வண்ணச் சீட்டுகள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அழுத்தியதும் உங்களோடு புலன உரையாடலைத் திறக்கும் குறுஇணைப்பை உருவாக்கும்போது, எண்ணின் முதலிலுள்ள சுழியத்தை நீக்கிவிட்டு 60 என்ற நாட்டுக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும். அந்த இணைப்போடு முன்கூட்டியே எழுதிய ஒரு வரியையும் சேர்க்கலாம் என்பதுதான் நமக்கு வேண்டிய வசதி. நாளிதழுக்குத் தரும் இணைப்பில் "பேப்பரில் பார்த்தேன், வயரிங் பரிசோதனை வேண்டும்" என்றும், கோயில் மண்டபத்தில் ஒட்டும் கியூஆர் குறியீட்டில் "கோயில் கூட்டத்தில் கேட்டேன்" என்றும், பள்ளிக் குழுவில் பகிர்வதில் "பள்ளிக் குழுவில் பார்த்தேன்" என்றும் வைத்தால், வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பது அவரைக் கேட்காமலே தெரிந்துவிடும். தொலைபேசியில் அழைப்பவரிடம் மட்டும், "நம்ம கடையைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது அரைமணி நேர வேலை. செய்தியைப் படித்தவர் பலர் கடையின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அழைப்பார்கள். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் அந்த அழைப்பு வராது.

ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கித் தேதி, பெயர், எண், இடம், தேவை, எங்கிருந்து அறிந்தார், அடுத்து எப்போது பேச வேண்டும் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கணினி விரிதாள் தெரிந்தவர் அதைப் பயன்படுத்தலாம். தெரியாதவருக்குப் புத்தகமே போதும். பிறர் எண்களைச் சேர்ப்பதில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவில் இருக்க வேண்டும். வணிகத்துக்காக விவரம் வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும், அது தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் சட்டத்துக்குப் போதாது, தமிழையும் சேர்த்து எழுதினால் மக்களுக்குப் புரியும். "இனி எனக்கு விளம்பரம் அனுப்பாதீர்கள்" என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். கோயில் நன்கொடைப் பட்டியலிலிருந்தோ பள்ளிக் குழுவிலிருந்தோ எண்களைப் பெயர்த்தெடுத்து வரிசையாகச் செய்தி அனுப்புவோரும் இருக்கிறார்கள். அது சட்டப்படியும் தவறு, ஊரில் இருக்கும் நற்பெயரையும் கெடுக்கும்.

படி 3: எது செய்தி

ஆசிரியரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். "புதிய கடை திறப்பு", "20 விழுக்காடு கழிவு", "தரமான சேவை" என்பவை எல்லாம் விளம்பரங்கள், அவற்றுக்கு விளம்பரப் பகுதி இருக்கிறது. ரிப்பன் வெட்டும் படம் வரலாம். ஆனால் செய்தியின் முக்கால் பங்கு மாண்புமிகு அவர்களின் உரையாக இருக்கும், உங்கள் கடை கடைசி வரியில் நிற்கும். மாதிரிக் காசோலையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்துக்கும் இதே கதிதான். பிரமுகரை அழைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் வருகையால் கிடைக்கும் மதிப்பை வாடிக்கையாளர் விசாரிப்பு என்று எண்ணிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

படிப்பவர் வீட்டில் இந்த மாதம் எழக்கூடிய ஒரு கேள்விக்கு உங்கள் தொழில் அறிவிலிருந்து விடை கிடைத்தால் அது செய்தியாகிறது. தீபாவளிக்கு முன் எல்லா வீடுகளிலும் விளக்குச் சரம் தொங்குகிறது. ஒரே பிளக்கில் மூன்று நீட்டிப்புக் கம்பிகளை மாட்டி, அதிலேயே முறுக்கு சுடும் மின் அடுப்பையும் இணைக்கிறார்கள். இதைப் பற்றி நம் வயர்மேனுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. சிரிம் முத்திரை (மலேசியத் தரச்சான்று) உள்ள பொருளை எப்படி அடையாளம் காண்பது என்று அவர் சொல்லலாம். மின்பெட்டியில் மின்கசிவைத் தடுக்கும் கருவியின் "டெஸ்ட்" பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றும், அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள் என்றும் சொல்லலாம். இந்த ஒரு குறிப்பைப் படித்ததும் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்திப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்காத வீட்டார்தான் அவரை அழைக்கப் போகிறார்கள். "நான் நல்ல வயர்மேன்" என்று எத்தனை முறை எழுதினாலும் அந்த அழைப்பு வராது.

சமையல் குத்தகை எடுக்கும் அம்மையார் ஒருவர், திருமண விருந்துக்கு நூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு காய்கறி என்ற கணக்கையும், மிஞ்சும் சோற்றைக் கெடாமல் பகிர்ந்தளிக்கும் முறையையும் சொல்லலாம். தையற்காரர், தைப்பூசத்துக்கு மஞ்சள் ஆடை தைக்கக் கொடுக்க எத்தனை வாரத்துக்கு முன் வர வேண்டும் என்று சொல்லலாம். வாடிக்கையாளர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். செய்திக்கான பொருள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

படி 4: யாரிடம் கொண்டு போவது

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதைப் பார்த்துத் தமிழ் நாளிதழுக்கே காலம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகியவை சாப்பாட்டுக் கடை மேசைகளில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகின்றன. இந்த நாளிதழ்களில் ஊர்ச் செய்திகள் பலவும் வட்டார நிருபர்கள் வழியாகத்தான் வருகின்றன. அவர்களில் பலருக்கு வேறு வேலையும் உண்டு. பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் கூட்டம், இரங்கல் செய்தி என ஓடிக்கொண்டிருப்பவரிடம் முழுமையான தகவலும் நல்ல படமும் ஒன்றாகக் கொடுத்தால் அவருக்கு உதவியாக இருக்கும், அரைகுறையாகக் கொடுத்தால் சுமையாகிவிடும். உங்கள் வட்டார நிருபர் யார் என்று நாளிதழ் முகவரையோ கோயில் செயலாளரையோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். பக்கங்கள் முடியும் மாலை நேரத்தில் அழைக்காமல் முற்பகலில் அழையுங்கள். "அண்ணே, ஒரு செய்தி போடுங்க" என்று தொடங்குவதை விட, "தீபாவளி மின்பாதுகாப்பு பற்றி ஊர் மக்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம், விவரம் அனுப்பலாமா?" என்று கேட்பது நல்லது. கையில் பண உறையைத் திணிக்காதீர்கள். விளம்பரம் கொடுக்க விரும்பினால் அதை அலுவலக வழியாகத் தனியே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வானொலியில் மின்னல் பண்பலையும் ராகாவும், செய்தியில் பெர்னாமா தமிழும், இணையத்தில் வணக்கம் மலேசியா போன்ற தளங்களும் இருக்கின்றன. இவை நாடு முழுவதற்கும் பேசுகின்றன. சுங்கை சிப்புட்டைத் தாண்டி வேலைக்குப் போகாத ஒருவருக்கு ஜொகூரிலிருந்து வரும் விசாரிப்பால் பயனில்லை. அஞ்சலில் அனுப்பக்கூடிய பொருளை விற்பவர் மட்டும் இவற்றை முதலில் நாடலாம். அண்டை வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் வயரிங் பழுதாகத்தான் செய்கிறது. ஆகவே அதே அறிக்கையை மலாய் மொழியிலும் எழுதி, மாநிலச் செய்திகளுக்கு இடம் தரும் சினார் ஹரியான் போன்ற நாளிதழுக்கும் குடியிருப்பாளர்களின் ருக்குன் தெத்தாங்கா குழுவுக்கும் அனுப்புங்கள்.

புலனக் குழுக்களில் ஒரு முறை இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுவோ கோயில் குழுவோ, நிர்வாகியின் அனுமதி இல்லாமல் எதையும் போடாதீர்கள். முடிந்தால் அவரையே பகிரச் சொல்லுங்கள். தலைமையாசிரியரோ செயலாளரோ பகிர்ந்த செய்தியை மக்கள் திறந்து படிப்பார்கள். கடைக்காரர் தாமே போட்ட படத்தைப் பார்த்தும் பாராமல் தள்ளிவிடுவார்கள்.

படி 5: அறிக்கை எழுதுவது

1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே நடந்த ரயில் விபத்தின்போது, ஐவி லீ என்பவர் விபத்தை மறைக்க முயலாமல், ரயில் நிறுவனத்தின் சார்பில் தகவல்களை எழுதிப் பத்திரிகையாளர்களுக்கு அளித்தார். பத்திரிகை அறிக்கை என்ற வழக்கத்தின் தொடக்கமாக அதையே பொதுவாகச் சொல்வார்கள். புகழ்ச்சியில்லாமல், நிருபர் அப்படியே பயன்படுத்தக்கூடிய தகவலைக் கொடுப்பதுதான் இன்றைக்கும் அறிக்கையின் வேலை.

அறிக்கை ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பன முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் வந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். ஆகவே தொடர்பு எண்ணைக் கடைசி வரியில் மட்டும் வைக்காமல் நடுவிலும் ஒருமுறை வையுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும், ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்யுங்கள். நம் வயர்மேனின் அறிக்கை இப்படி இருக்கலாம்:

"சுங்கை சிப்புட் — தீபாவளிக்கு விளக்கு அலங்காரம் செய்யும் குடும்பங்களுக்கான இலவச மின்பாதுகாப்பு விளக்கக் கூட்டம், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இங்குள்ள கோயில் மண்டபத்தில் நடைபெறும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவர், மின்கசிவைத் தடுக்கும் கருவியை வீட்டிலேயே சோதிக்கும் முறையைச் செய்து காட்டுவார். ஒரே பிளக்கில் பல இணைப்புகளைக் கொடுப்பதும் சிரிம் முத்திரை இல்லாத விளக்குச் சரங்களைப் பயன்படுத்துவதும் பண்டிகைக் காலத்தில் தவிர்க்க வேண்டியவை என அவர் தெரிவித்தார். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் தங்கள் மின்பெட்டியின் படத்தை இந்த எண்ணுக்குப் புலனம் வழி அனுப்பினால், கவனிக்க வேண்டியவை எவை என்று கட்டணமின்றித் தெரிவிக்கப்படும்."

கடைசி வாக்கியத்தைச் சற்றுக் கவனியுங்கள். படிப்பவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு செயல், அதற்குச் செலவும் இல்லை, கூச்சமும் இல்லை. பெட்டியின் படம் வந்துவிட்டால் வீட்டின் நிலையும் எண்ணும் கைக்கு வந்துவிடுகின்றன. சமையல் குத்தகைக்காரர் "விருந்தினர் எண்ணிக்கையை அனுப்புங்கள், பொருள் பட்டியல் தருகிறோம்" என்று எழுதலாம். "மேல் விவரங்களுக்குத் தொடர்பு கொள்க" என்ற வழக்கமான வரியைப் பார்த்து அழைப்பவர்கள் குறைவு.

படத்தில் கூட்டமாக நின்று கட்டைவிரல் காட்ட வேண்டாம். ஒருவர் மின்பெட்டியைத் திறந்து காட்ட, ஒரு பாட்டி எட்டிப் பார்க்கும் படம் போதும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி, அவர்களின் சம்மதத்தையும் பெறுங்கள். மாணவர்கள் இருந்தால் பள்ளியின் அனுமதி வேண்டும். புலனத்தில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும்.

படி 6: கூட்டம்

மண்டபத்தில் முப்பது நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். மேடையில் விலையைச் சொல்லாதீர்கள், விற்கவும் முயலாதீர்கள். கேள்வி நேரத்தில் எழும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீட்டின் தேவை என்பதால், அதைக் கேட்டவரைக் கூட்டம் முடிந்ததும் தனியே சந்தியுங்கள். வாசலில் ஒரு தாள் வையுங்கள். அதில் பெயர், எண், "என் வீட்டு மின்பெட்டியை வந்து பார்க்கலாம்" என்பதற்கு ஒரு கட்டம், "பாதுகாப்புக் குறிப்புகளை மட்டும் அனுப்புங்கள்" என்பதற்கு இன்னொரு கட்டம் இருக்கட்டும். இரண்டாவது கட்டத்தைத் தேர்ந்தவருக்குக் குறிப்புகளை மட்டுமே அனுப்ப வேண்டும்.

படி 7: பதில் சொல்வதும் பின்தொடர்வதும்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் வீணாகின்றன. செய்தி வெளிவரும் நாளில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகாதீர்கள். வந்த விசாரிப்புக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். கூரைக்குள் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருப்பவரால் திறன்பேசியைப் பார்க்க முடியாதென்றால், வீட்டில் ஒருவரை அந்த வாரத்துக்கு மட்டும் பொறுப்பாக்கலாம்.

முதல் உரையாடலில் விலையை விடத் தேவையைத்தான் முதலில் கேட்க வேண்டும். இப்படி:

"தம்பி, பேப்பர்ல பார்த்தேன். அந்தப் பட்டனை அமுக்கினேன், கரண்ட் நிக்கவே இல்லைப்பா."

"சரிங்க அக்கா, நல்லவேளை அமுக்கிப் பார்த்தீங்க. வீடு எந்தத் தாமான்? கட்டி எத்தனை வருசம் இருக்கும்?"

"இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இருக்கும். மகன்தான் பணம் கொடுக்கணும், அவன் ஷா ஆலாம்ல இருக்கான்."

"பரவாயில்லை அக்கா. நாளைக்கு நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன். பார்த்துட்டுப் படத்தோட விலையை எழுதி, நீங்க சரின்னு சொன்னா உங்க மகனுக்கே அனுப்புறேன்."

யார் முடிவெடுப்பவர் என்பது தெரிந்துவிட்டது, அவருக்கு விலைப்பட்டியல் அனுப்ப அனுமதியும் கேட்டாகிவிட்டது, அடுத்த சந்திப்பின் நேரமும் உறுதியாகிவிட்டது. விலையை வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்தில் அனுப்புவது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

நேரமும் தேதியும் ஊரின் வாழ்க்கையை ஒட்டி அமைய வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிறவர் விடியலுக்கு முன்பே எழுந்து போய், பிற்பகலில் வீடு திரும்பிச் சற்றுப் படுத்திருப்பார், மாலை நான்கு மணிக்குப் பிறகு அழைத்தால் பேசுவார். தொழிற்சாலையில் இருப்பவரிடம் எந்த ஷிப்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே செலவு செய்யும் முடிவுகள் பெரும்பாலும் மாதத்தின் முதல் இரு வாரங்களில் நடக்கின்றன. இருபதாம் தேதிக்கு மேல் வரும் செய்திக்கு "சம்பளம் வரட்டும்" என்ற பதில்தான் அதிகம் கிடைக்கும். அப்படிச் சொன்னவரை மறுப்பவர் என்று எண்ணி விட்டுவிடாமல், எட்டாம் தேதியில் அவர் பெயரை எழுதி வையுங்கள்.

புத்தகத்தில் உள்ளவர்களை மூன்றாகப் பிரித்துப் புலனத்தில் வண்ணச் சீட்டு ஒட்டுங்கள்: இந்த வாரமே வேண்டுபவர், தேதி சொன்னவர், விவரம் மட்டும் கேட்டவர். முதலாமவரிடம் நேரில் போங்கள், இரண்டாமவரை அவர் சொன்ன தேதியில் அழையுங்கள். மூன்றாமவருக்கு, குறிப்புகள் பெறச் சம்மதித்திருந்தால் மட்டும், அடுத்த பண்டிகைக்கு முன் ஒரு பயனுள்ள குறிப்பை அனுப்புங்கள். தினமும் "வணக்கம், இனிய காலை" படம் அனுப்பினால் உங்கள் எண்ணைத் தடுத்துவிடுவார்கள்.

புலனக் குழுவில் ஒருவர் உங்கள் வேலையைக் குறை சொன்னால் அங்கேயே வாதாட வேண்டாம். "அண்ணே, இன்று மாலை வந்து பார்க்கிறேன்" என்று ஒரே வரி எழுதிவிட்டு நேரில் போய்ச் சரிசெய்யுங்கள். சரியானதும் குறை சொன்னவரே குழுவில் எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.

படி 8: கணக்குப் பார்ப்பது

வந்த செய்தி எத்தனை அங்குலம், அதே அளவு விளம்பரத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று பெருக்கி "ஆயிரம் வெள்ளிக்குச் செய்தி வந்தது" என்று மகிழ்வது பழைய வழக்கம். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டாளர்கள், விளம்பரக் கட்டண மதிப்பு மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று கொள்கையாகவே அறிவித்தார்கள். உங்களுக்கு வேண்டிய எண்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, நாளிதழ்ச் செய்தியால் 14 பேர் விசாரித்து மூவர் வேலை கொடுத்தார்கள், கோயில் கூட்டத்தால் ஒன்பது பேர் விசாரித்து ஐவர் வேலை கொடுத்தார்கள் என்றால், அடுத்த முறை உங்கள் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. கூட்டத்துக்கான தேநீர், துண்டறிக்கை, பெட்ரோல், வேலைக்குப் போகாமல் விட்ட அரை நாள் ஆகியவற்றையும் செலவில் சேர்த்து, கிடைத்த வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நாளிதழ்ச் செய்தியைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். கோயிலில் கேட்டு வந்தவர் பலர் நாளிதழிலும் பார்த்திருப்பார்கள் என்பதால், "வேறு எங்கும் பார்த்தீர்களா?" என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: அடுத்த செய்தி

ஒரே செய்தியை வேறு சொற்களில் மறுபடி அனுப்பினால் நிருபர் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிடுவார். ஆண்டு நாட்காட்டியை விரித்து வைத்துப் பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஊர்க் கோயில் திருவிழா, தீபாவளி ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரத்துக்கு முன் உங்கள் தொழிலோடு தொடர்புள்ள கேள்வி எது என்று பாருங்கள். குளிர்சாதனத்தைச் சுத்தம் செய்யச் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்தான் அழைப்புகள் குவியும். கடைசி வாரத்தில் அழைப்பவருக்கு ஆள் கிடைக்காது என்பதே அப்போதைக்கு ஒரு செய்தி.

தீபாவளி முடிந்ததும் நம் வயர்மேனிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தகவல் இருக்கும். பார்த்த பெட்டிகளில் எத்தனைக்குக் கசிவுத் தடுப்புக் கருவி வேலை செய்யவில்லை, எத்தனை வீடுகளில் அந்தக் கருவியே இல்லை என்பதை அவர் குறித்து வைத்திருப்பார். வீட்டாரின் பெயரையோ தெருவையோ குறிப்பிடாமல், இத்தனை பெட்டிகளில் இத்தனை என்று உள்ளபடியே எழுதி, அதே நிருபருக்கு ஜனவரி முதல் வாரத்தில் அனுப்பினால், இரண்டாவது செய்தி தயார். இம்முறை இணைப்பின் முன்வரியை "பொங்கல் செய்தி பார்த்தேன்" என்று மாற்ற மறக்கக் கூடாது. மாற்றாவிட்டால் பழைய விசாரிப்பும் புதியதும் புத்தகத்தில் ஒன்றாகக் கலந்துவிடும்.